அக்காவைக் கூப்பிட்டவன் நான்

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், கெலிஓயா அயலவர்களுக்கும், அக்காவோடு வேலை செய்தவர்களுக்கும் என் வணக்கம். முன்பக்கங்களில் அக்காவின் படமும் தேவாரமும் இருக்கின்றன. அவற்றோடு மலரை மூடிவிடாமல் இந்தப் பக்கங்களையும் வாசிக்க வேண்டும் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். இதை எழுதச் சொன்னவர் அக்காதான்.

அக்கா பிறந்தது புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில், அம்மாவின் தாய்வீட்டில். அப்பா கண்டியில் ஒரு புடவைக் கடையில் விற்பனையாளராக இருந்தார். அக்காவுக்கு மூன்று வயதானபோது கண்டிக்குப் பக்கத்திலுள்ள கெலிஓயாவில் வாடகைக்கு ஒரு வீடு கிடைத்தது. அந்த வீட்டில்தான் நான் பிறந்தேன். எனக்கு நான்கு வருடம் கழித்துப் பிறந்தவள் எங்கள் தங்கை. அவளுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் வீட்டில் எல்லோரும் பாப்பா என்றே கூப்பிட்டார்கள்.

சின்ன வயதில் அக்கா பெரிய வாயாடி. இதை நீங்கள் நம்பமாட்டீர்கள். பின்னாளில் நீங்கள் கண்டது, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற ஒருவரைத்தான். பாடசாலை விட்டு வரும்போது பஸ்ஸில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை கதை சொல்லிக்கொண்டே வருவார். கண்டக்டரைப் போல, கணக்கு டீச்சரைப் போல, எதிர்வீட்டு ஆச்சியைப் போல எல்லாம் பேசிக் காட்டுவார். பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்தால் இறக்கவே மாட்டார். "புள்ளைக்குக் கால் இருக்கா இல்லையா, கீழ விடுடி" என்று அம்மா சத்தம் போடுவார்.

அக்காவுக்குப் பதினொரு வயதான வருடம் நாங்கள் கடல் பார்க்கப் போனோம். அப்பாவின் முதலாளிக்குத் திருகோணமலையில் கடலோரமாக ஒரு வீடு இருந்தது. விடுமுறையில் குடும்பத்தோடு போய்த் தங்கலாம் என்று அவர் சொல்லியிருந்தார். ஆகஸ்ட் மாதம் பெரஹரா திருவிழா வியாபாரம், அதன் பின் தீபாவளி வியாபாரம். அப்பாவுக்கு லீவு கிடைத்தது டிசம்பர் மாதத் தொடக்கத்தில். அந்த மாதத்தில் அந்தக் கடல் எப்படி இருக்கும் என்று மலையில் பிறந்த எங்களுக்குத் தெரியாது. வீட்டைப் பார்த்துக்கொண்ட ஐயா ஒரு மீனவர். நாங்கள் பையை இறக்கி வைக்குமுன்பே அவர் அப்பாவிடம் சொன்னார்.

"இந்த மாசம் கடல் சரியில்லை பாருங்கோ. பிள்ளையளைத் தண்ணிக்குள்ள விடாதேங்கோ. படகு கட்டுற ஜெட்டியிலயும் கவனம்."

"கரையில நின்னு தூண்டில் போடத்தான் வந்தோம் ஐயா, குளிக்க இல்ல" என்றார் அப்பா.

முதல் இரண்டு நாட்களைப் போல ஒரு சந்தோஷத்தை எங்கள் குடும்பம் அதற்கு முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை. அப்பா காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு அலைக்குள் நின்று, ஈயக் குண்டு கட்டிய நைலோன் நூலைத் தலைக்கு மேல் சுழற்றி எறிவார். அடுத்த அலை அதை அவர் காலடிக்கே கொண்டுவந்து போட்டுவிடும். நாங்கள் கைகொட்டிச் சிரிப்போம். கடையில் நாள் முழுவதும் மற்றவர்கள் முன்னால் பணிந்து நிற்கிற மனிதர், அங்கே கடலைப் பார்த்து, "வர்றியா இல்லையா, இன்னைக்கு ஒன்ன விடமாட்டேன்" என்று சத்தம் போட்டார். இறாலை எப்படிக் கொக்கியில் கோப்பது என்று அந்த ஐயாதான் எங்களுக்குக் காட்டித் தந்தார். அக்கா ஒரே நாளில் பழகிவிட்டார். எனக்கு இறால் வழுக்கி வழுக்கி விழுந்தது. பாப்பாவுக்கு ஒரு பூவரசங் குச்சியில் வெறும் நூல் கட்டிக் கொடுத்திருந்தோம். கொக்கி கிடையாது. அவள் அதையும் மிகுந்த பொறுமையோடு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் நாள் காலை அம்மா சமையலுக்கு வீட்டிலேயே நின்றுவிட்டார். அப்பா எங்களை ஜெட்டிக்குக் கூட்டிப்போனார். அது கடலுக்குள் நீண்டிருக்கும், பலகை அடித்த பழைய ஜெட்டி. நீளம் ஒரு நூற்றெண்பது அடி இருக்கும். இடையிடையே பலகை இல்லை. அலை அடித்தால் ஜெட்டியின் கால்கள் நடுங்குவது உட்கார்ந்திருக்கும் நமக்குத் தெரியும். அப்பா அக்காவிடம், "நான் அந்தப் பக்கம் அலையில போட்டுப் பார்க்கிறேன். நீ பாப்பா கைய விடக்கூடாது. சரியா?" என்றார். அக்கா சரி என்றார். அப்பா கரையோடு நடந்து வெகு தூரம் போய்விட்டார்.

அக்காவும் பாப்பாவும் ஜெட்டியின் நடுவில் உட்கார்ந்தார்கள். நான் நுனிக்குப் போனேன். சற்று நேரத்தில் என் நூல் இழுபட்டது. இழுத்துப் போட்டால் ஓரா மீன். முதுகு முள்ளில் விஷம் உள்ள மீன் அது. பிள்ளைகள் தொடக்கூடாது என்று ஐயா சொல்லியிருந்தார். என் வாழ்நாளில் நான் பிடித்த முதல் மீன், பலகையில் துள்ளிக்கொண்டு கிடந்தது. அதை யாராவது பார்க்க வேண்டுமே என்ற ஆசை எனக்கு.

"அக்கா, மீன்! ஓடி வா!"

"வர முடியாதுடா. பாப்பா இருக்கா."

இன்னும் இரண்டு முறை கூப்பிட்டேன். வரவில்லை. அதன் பிறகு நான் செய்ததைத்தான் இத்தனை வருடமாக எவருக்கும் சொல்லாமல் இருந்தேன். கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அக்கா, முள்ளு குத்திருச்சு! ஐயோ, முள்ளு குத்திருச்சு!" என்று அலறினேன். முள் குத்தவில்லை.

அக்கா பாப்பாவின் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்து, "இங்கயே இரு, அசையாத" என்று சொல்லிவிட்டு ஓடி வந்தார். என் கையை விரித்துப் பார்த்தார். நான் சிரித்தேன். அக்கா என் தலையில் ஒரு குட்டு வைத்தார். அந்த நேரம் ஓர் அலை ஜெட்டியில் மோதியது. எங்கள் இருவர் மேலும் தண்ணீர் தெறித்தது. திரும்பிப் பார்த்தோம். பலகையில் யாரும் இல்லை.

நீச்சல் தெரியாத அக்கா தண்ணீரில் குதித்தார். கரையிலிருந்து ஓடி வந்த ஐயா அக்காவின் தலைமயிரைப் பிடித்து இழுத்துக் கரைசேர்த்தார். அப்பாவும் ஐயாவும் இன்னும் நாலைந்து மீனவர்களும் மதியம்வரை தேடினார்கள்.

பாப்பா கிடைத்தது மறுநாள் மத்தியானம். ஐயா தன் சாரத் துணியில் சுற்றி, இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்து அம்மா முன்னால் வைத்தார். அங்கேயே அடக்கம் செய்தோம்.

பாப்பா விழுந்த அன்று தேடிக் களைத்து மணலில் உட்கார்ந்தபோதுதான் அப்பா அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

"கைய விடாதன்னு சொன்னேனே. ஏன் விட்ட?"

"தம்பி கத்துனான்பா. முள்ளு குத்திருச்சுன்னு கத்துனான்."

அப்பா என் பக்கம் திரும்பினார். அப்படி ஒரு முகத்தோடு அப்பாவை நான் கண்டதே இல்லை. என் நாக்கு தானாகச் சொல்லிற்று.

"நான் கத்தல. அக்காவே வந்துச்சு, மீன் பார்க்க."

அப்பா அக்காவின் கன்னத்தில் அறைந்தார். அதற்கு முன் அவர் எங்கள் யாரையும் அடித்ததில்லை. அக்கா அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கெலிஓயாவுக்கு வந்தபின் ஒரே ஒரு தடவை, பாப்பாவின் கருமாதி முடிந்த மறுநாள், அக்கா அம்மாவிடம் மறுபடியும் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். "போனவளும் போயிட்டா. இருக்கிறவன் மேல பழி போடாத" என்றார் அம்மா. அதன் பிறகு அக்கா அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பஸ்ஸில் கதை சொல்வதும் நின்றுபோயிற்று.

செய்தி எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. புசல்லாவையில் தெரிந்தது, கலகெதரைச் சொந்தங்களுக்கும் தெரிந்தது. கப்பலேறி இந்தியா போன பெரியம்மா அங்கிருந்து எழுதிய முதல் கடிதத்திலேயே, "தங்கச்சியைக் கடலில் விட்டவள் இப்போது எப்படி இருக்கிறாள்" என்று விசாரித்திருந்தார். அக்காதான் அந்தக் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினார். அந்த வரியையும் விடாமல் வாசித்தார்.

எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் அப்பா வேலை செய்த கடை எரிந்தது. அதன்பின் அப்பா எந்த வேலைக்கும் போகவில்லை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இருந்த அக்கா தட்டெழுத்துப் படித்து, நகரசபையில் வேலைக்குச் சேர்ந்து, எங்கள் மூவரையும் காப்பாற்றினார். நான் படித்தது அக்காவால்தான். எனக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தபோது பதினான்கு நாட்கள் லீவு போட்டுப் பக்கத்தில் இருந்தார். இடையில் தோட்டப் பாடசாலை ஆசிரியையாக நியமனக் கடிதம் வந்தது. அதை நான்காக மடித்து அலுமாரியில் வைத்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். "அடுத்தவங்க புள்ளைகள என் கையில யாரு தருவா?" என்றார்.

இரண்டு இடத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். இரண்டு இடத்திலும் எவரோ அந்தக் கதையைச் சொல்லிவிட்டார்கள். மூன்றாவது இடத்துக்கு அக்கா சம்மதிக்கவில்லை.

எனக்கு மகள் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று, அக்கா கை கால் கழுவிக்கொண்டு வந்து பிள்ளையைத் தூக்கினார். அம்மா பாயிலிருந்து எழுந்து வந்து, "நீ வேணாம், இங்க குடு" என்று பிள்ளையை வாங்கிக்கொண்டார். அக்கா வேலைக்குப் புறப்பட்டுப் போனார். அப்போது எனக்கு முப்பது வயது. அப்பா காலமாகி இரண்டு வருடம். பயப்படுவதற்கு யாரும் இல்லை. அன்றும் நான் பேசாமல் நின்றேன். நான் செய்த பாவங்களில் ஜெட்டியில் செய்ததைவிட இதுதான் பெரியது. அங்கே எட்டு வயது. இங்கே என்ன காரணம் சொல்வேன்? என் மகள் பெரியவளாகி அத்தையிடம் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும்வரை அக்கா அவளைத் தொடவில்லை. அம்மா உண்மை தெரியாமலே கண்மூடினார்.

ஐம்பத்தெட்டாவது வயதில் அக்காவுக்கு வயிற்றில் புற்றுநோய் என்றார்கள். கடைசி மாதம் அவரால் கஞ்சியைத் தவிர எதுவும் இறக்க முடியவில்லை. ஒரு பின்நேரம், வார்டில் ஆட்கள் பார்க்க வருகிற நேரம் முடிந்து மணி அடித்துவிட்டார்கள். நான் எழுந்தேன். அக்கா என் சட்டையைப் பிடித்தார்.

"தம்பி, ஒண்ணு கேட்கணும். உண்மையச் சொல்லு. அன்னைக்கு நீ கூப்பிட்டியா, இல்ல எனக்குத்தான் அப்படிக் கேட்டுச்சா?"

அக்கா பிடித்த சட்டையை விடவில்லை.

"எல்லாரும் சொல்லிச் சொல்லி எனக்கே சந்தேகமாப் போச்சுடா. நானே மீன் பார்க்கத்தான் ஓடினேனோன்னு. ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பார்த்திருக்கேன். ஒன் சத்தம் ஞாபகம் வரமாட்டேங்குது."

"கூப்பிட்டேன் அக்கா. மூணு தரம் கூப்பிட்டேன். நீ வரல. பொறகுதான் முள்ளு குத்திருச்சுன்னு பொய் சொல்லிக் கத்தினேன். அப்பாகிட்டயும் பொய்தான் சொன்னேன்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே, "அம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாம்" என்றார். நான் காலைப் பிடித்தேன். "விடு" என்றார்.

இரண்டு நாட்கள் என்னோடு பேசவில்லை. நான் ஊட்டிய கஞ்சியையும் குடிக்கவில்லை. என் மகள்தான் ஊட்டினாள். மூன்றாம் நாள் அவரே பேசினார். "நான் செத்தா புத்தகம் அடிப்பீங்கள்ல? அன்பானவர், பண்பானவர், பொறுமைசாலின்னு எழுதாத. இத எழுது. எல்லாரும் வாசிக்கிற மாதிரி எழுது." எழுதுகிறேன் என்றேன். மன்னித்தேன் என்று அக்கா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆறு நாட்களில் அக்கா போய்விட்டார்.

அக்காவின் நோய்க்காலத்தில் கண்ணும் கருத்துமாகப் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதியர்களுக்கும், தினமும் கஞ்சி காய்ச்சித் தந்த பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மாவுக்கும், நகரசபையிலிருந்து முறைவைத்து வந்து துணையிருந்த தோழியருக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவை அலையிலிருந்து இழுத்தெடுத்த அந்த ஐயா இன்று இருக்கிறாரோ தெரியாது. நாங்கள் அவர் பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை. அவருக்கும் நன்றி.

உறவினர்களே, அக்கா கையில் பிள்ளையைத் தராத எவரையும் நான் குறை சொல்லவில்லை. அந்த உரிமை எனக்கு இல்லை. நீங்கள் நம்பியது என் வாயிலிருந்து வந்த பொய்யைத்தான். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இனி யாராவது அந்தக் கதையைச் சொன்னால், தயவுசெய்து இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். தம்பிக்கு விஷமுள் குத்திவிட்டது என்று நம்பித்தான் அக்கா ஓடி வந்தார்.