நர்ஸ் வாசித்த கணக்கு

அந்தத் தணிக்கை அலுவலகத்தில் பதினோரு நாற்காலிகள். ஆட்கள் மூன்று பேர். மற்றவர்கள் நல்ல சம்பளம் தேடி ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். புதிதாக யாரும் படித்துவிட்டு வருவதாகவும் தெரியவில்லை. அத்தனை பேர் வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்தவள் 'பச்சைப்பேனா'. இருபத்திரண்டு வருடம் பச்சை மையால் டிக் அடித்து வாங்கிய பெயர் அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீடு திரும்பியபோது கணவர் கதவைத் திறந்து, "யாரைப் பாக்கணும்?" என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார். அவளுக்குச் சுருக்கென்றது. மறுநாளே ராஜினாமாக் கடிதத்தை நீட்டினாள்.

"இதை வாங்கி ஃபைல் பண்ற பொண்ணும் போயிட்டாம்மா," என்றார் எழுபத்து மூன்று வயது முதலாளி. "நீங்களே ஃபைல் பண்ணிட்டுப் போங்க."

பண்ணிவிட்டுப் போனாள்.

ஐந்து மணிக்கு டாணென்று விட்டுவிடுகிற ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் கணக்காளராகச் சேர்ந்தாள். வருட முடிவில் தணிக்கை வந்தது. அங்கே தணிக்கையாளர் யாரென்றால், அதே பழைய முதலாளி. போன் பண்ணினார்.

"அனுப்ப ஆளில்லம்மா. நீங்கதான் அங்கயே இருக்கீங்களே, அப்படியே தணிக்கையும் பண்ணிடுங்க."

"நான் எழுதின கணக்கை நானேவா?"

"உங்களைவிட அதை நல்லா தெரிஞ்சவங்க யாரு?"

தொழிற்சாலை மேலாளரிடம் முறையிட்டாள். அவருக்கோ பரம சந்தோஷம். "நல்லதாப் போச்சு! அவங்களுக்குன்னு தனி ரூம் ஒழிக்க வேண்டாம்."

"பாலுக்குப் பூனையைக் காவல் வைக்கிற மாதிரி இருக்கு சார்."

"நீங்க பாலைக் குடிச்சீங்களா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்ன?"

அவள் ஒரே பிடியாக நின்றுவிட்டாள். கடைசியில் பழைய முதலாளியே வந்து சேர்ந்தார். கண் ஆபரேஷன் முடிந்து பத்து நாள். எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வதுபோல் தெரிந்தது. வாசித்தாவது காட்டச் சொன்னார். அதற்கும் மறுத்துவிட்டாள். அந்தக் கட்டிடத்திலேயே வேலையில்லாமல் சும்மா இருந்தவள் முதலுதவி அறை நர்ஸ்தான். அவளைக் கூட்டிவந்து உட்கார வைத்தார்கள்.

"வந்தது நூத்தி நாப்பது, போனது தொண்ணூறு," என்று வாசித்த நர்ஸ் நெற்றியைச் சுருக்கினாள். "கொஞ்சம் அதிகம் சார். உப்பைக் குறைக்கச் சொல்லுங்க."

மூன்றாம் நாள் நர்ஸுக்கு ஒரு சந்தேகம். "மருந்து அலமாரின்னா நாங்க மாசாமாசம் எண்ணுவோம். இங்க பெட்டிகளை யாரும் எண்ண மாட்டாங்களா?"

எண்ணினாள். கணக்கில் இருந்ததைவிட அறுபது பெட்டி குறைந்தது. திருட்டு இல்லை. வந்த ஒரே லாரிச் சரக்கைப் பச்சைப்பேனா இரண்டு தரம் வரவில் எழுதியிருந்தாள்.

ஊரார் தப்பையெல்லாம் பிடித்தவளுக்கு முகம் கன்றிப் போயிற்று. அடுத்த நொடியே எழுந்து, "பாத்தீங்களா சார், இதுக்குத்தானே வேண்டாம்னேன்!" என்று கை தட்டினாள். தன் தப்பு அகப்பட்டதற்கு இப்படிக் குதித்த ஆளை மேலாளர் அதுவரை கண்டதில்லை.

முதலாளி நர்ஸ் பக்கம் திரும்பினார். "நீங்க எப்ப வேலைக்குச் சேர முடியும்?"

அடுத்த வாரமே தணிக்கை அலுவலகத்தில் சேர்ந்துவிட்டாள், வேலை பழகுகிறவளாக. நான்கு மாதம் விளம்பரம் கொடுத்தும் தொழிற்சாலைக்கு வேறு நர்ஸ் கிடைக்கவில்லை. ஒரு காலையில் மேலாளர் தயங்கித் தயங்கி வந்து, பச்சைப்பேனாவின் மேசையில் முதலுதவிப் பெட்டியை வைத்தார்.

இப்போது விரலில் காயம்பட்டு வருகிறவர்களுக்கு அவள்தான் கட்டுப் போடுகிறாள். கட்டு கச்சிதம், குறை சொல்ல முடியாது. காயம்பட்ட கையாலேயே மூன்று இடத்தில் கையெழுத்து வாங்குகிறாள் என்பதுதான் தொழிலாளர்களின் புகார்.