டோக்கன் வராமல் பூட்டக்கூடாது

எங்கள் தெருவின் இரண்டு முனைகளிலும் நிற்கிற கேட்டுகளைச் செய்தவன் நான்தான். எங்கள் ஊர் கோரமண்டல் ஸ்டேஷனில் இறங்கி யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் நான் மூன்றாம் வகுப்பு வரைதான். நாலாம் வகுப்பு வாத்தியாருக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. தங்கச் சுரங்கத்தில் இறங்கினேன், சுரங்கத்தை மூடினார்கள், வெல்டிங் கற்றுக்கொண்டேன். இன்றைக்கு மாரிக்குப்பத்திலிருந்து பங்காருபேட்டை வரைக்கும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனால், என் பட்டறையில் செய்த கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி என்று எண்ணிக்கொண்டே போகலாம். நான் அப்படிச் சத்தமாக எண்ணிக்கொண்டு போயிருக்கிறேன். பக்கத்தில் இருந்தவர் இடம் மாறி உட்கார்ந்தார். அது அவர் நஷ்டம்.

தெருவுக்குக் கேட் எதற்கென்றால், ஒரே மாதத்தில் இரண்டு வீட்டுத் தண்ணீர் மோட்டாரும் ஒரு பைக்கும் காணாமல் போயின. எங்கள் தெருவில் பாதிப் பேர் என்னைப் போல பழைய சுரங்கத்து ஆட்கள். மீதிப் பேர் பெரிய தொழிற்சாலையில் வேலைக்கென்று வெளியூரிலிருந்து வந்து வீடு கட்டி நிலைத்தவர்கள். எல்லோரும் புத்த விகாரை ஹாலில் கூட்டம் போட்டோம். தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டையரான சேலத்துக்காரர் ஒருவரைச் செக்ரட்டரி ஆக்கினோம். அவர் சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும்.

"இது முனிசிபாலிட்டி தார் போட்ட ரோடு. இதுக்கு நாம கேட் போடலாமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"போட்டுட்டு கேப்போம்" என்றேன்.

ஹாலே கை தட்டியது. அந்தக் கைதட்டலில் எனக்குக் கொஞ்சம் ஏறிவிட்டது. ராத்திரி ஒன்பது மணிக்குப் பூட்டினால் காலை ஆறு மணிக்குத்தான் திறப்பது, அதற்கு ஒரு நிமிடம் முன்னால் வெளியாளுக்குத் திறந்தால் என் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று மேசையைத் தட்டிச் சொன்னேன். என் மீசை சின்ன மீசை இல்லை. செக்ரட்டரி அதையும் மினிட்ஸ் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

யார் தெருக்காரர், யார் வெளியாள் என்று எப்படித் தெரிந்துகொள்வது? செக்ரட்டரி போட்டோ ஒட்டிய கார்டு அடிக்கலாம் என்றார். நான்தான் டோக்கன் முறையைச் சொன்னேன். சுரங்கத்தில் ஒவ்வொரு ஆளும் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிக் கீழே இறங்கும் முன் டோக்கன் ஆபீஸ் பலகையிலிருந்து தன் நம்பர் போட்ட வில்லையை எடுத்துக்கொண்டு போவான். மேலே வந்ததும் திரும்ப மாட்டுவான். ஷிப்ட் முடிந்து பலகையில் ஓர் ஆணி காலியாக இருந்தால் ஓர் ஆள் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். அவனைத் தேடிக் கண்டுபிடிக்காமல் யாரும் எதையும் பூட்ட மாட்டார்கள். தெருவிலும் அதேபோலத் தலைக்கு ஒரு டோக்கன். வெளியே போகும்போது எடுத்துக்கொள், வந்ததும் மாட்டு. எல்லா டோக்கனும் வந்தால் பூட்டு.

"இதுதான் சயன்டிஃபிக்" என்றார் செக்ரட்டரி. மூன்றாம் வகுப்பு படித்தவன் சொன்ன சயன்ஸ்.

பட்டறையில் தகடு வெட்டி, நம்பர் குத்தி, ஓரம் தேய்த்து நானே செய்து கொடுத்தேன். ஒன்றாம் நம்பர் எனக்கு. செய்தவனுக்கு அதுகூட இல்லையென்றால் எப்படி? பலகையைக் கீழ் கேட்டுக்குப் பக்கத்து வீட்டுச் சுவரில் அடித்தோம். அந்த வீட்டுக்காரர் சுரங்கத்தில் டோக்கன் ஆபீஸிலேயே வேலை பார்த்தவர். என் வயதுதான், என்னைவிட ஒல்லி, என்னைவிட முசுடு. சாவி அவரிடம். பூட்டின பிறகு டோக்கன் உள்ளவர் அவசரமென்று கூப்பிட்டால் எந்த நேரத்திலும் எழுந்து வந்து திறப்பார். இல்லாதவர் கூப்பிட்டால் புரண்டு படுப்பார்.

ஊருக்குப் போகிறவர்களுக்கென்று 'லீவ்' என்று எழுதிய தனிப் பலகைகூட வைத்தார். பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போகிற கிழவிகள் எல்லாம் லீவ் சொல்லிவிட்டுப் போனார்கள். கடைக்குக் கொத்தமல்லி வாங்கப் போனவர்கூட, "கீழ எறங்கிட்டு வந்துடறேன்பா" என்று டோக்கனை எடுத்தார். சுரங்கம் மூடி இத்தனை வருடம் கழித்து ஊர் முழுக்க எங்களுக்குச் சுரங்கமாகிவிட்டது.

முதல் ராத்திரி பூட்டிவிட்டு, விடியுமுன் எழுந்து மேல் கேட்டைப் பார்க்கப் போனேன். காவலுக்கில்லை. அழகு பார்க்கத்தான். இருட்டில் வெளிப்பக்கம் ஒரு பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோளில் டிபன் பை.

"மேஸ்திரி, தொறங்க. ட்ரெய்னு வர்ற நேரம்."

"ஆறு மணிக்குத்தான்மா."

"ஆறு மணிக்கு ட்ரெய்னு பங்காருபேட்டைல இருக்கும். முனிசிபாலிட்டி ரோட்டுக்கு இன்னா ஆறு மணி?"

"டோக்கன் இருக்குதா?"

"டோக்கனா? நான் இன்னா சுரங்க ஷாஃப்ட்டுலயா எறங்கப் போறேன்?"

"ரூலுன்னா ரூலும்மா."

"ரூலு போட்டவரு ட்ரெய்னயும் நிறுத்தி வைங்களேன் பாப்போம்!"

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். எங்கள் தெரு வழியாகப் போனால் ஸ்டேஷன் கூப்பிடு தூரம். இல்லையென்றால் சுரங்கத்தில் தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேட்டைச் சுற்றிக்கொண்டு, நாய்களைத் தாண்டிப் போகவேண்டும். அவள் பாதி தூரம் போயிருப்பாள், ரயில் ஊதிவிட்டது. நான் கேட்டை அசைத்துப் பார்த்தேன். நல்ல உறுதி. ஆனால் பார்த்தவரை போதும் என்று ஏனோ வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சாயங்காலம் கேட் திறந்திருந்தது. அவள் ஸ்டேஷனிலிருந்து நேராக என் வீட்டு வாசலுக்கு வந்தாள். மேலே லைன் வீடுகளில் இருப்பவள். புருஷன் நெஞ்சு நோவுக்காரன், வீட்டில் வேலைக்குப் போவது இவள் ஒருத்திதான். பெங்களூர் கார்மெண்ட்ஸில் தைக்கிறாள். அங்கேயும் கேட் உண்டு, அங்கேயும் நேரம் உண்டு.

"மூணு லேட்டு ஆனா நாலாவது நாளு வரவேணாம்னு சூப்ரைசர் சொல்லிட்டான். மொத லேட்டு ரயிலால. ரெண்டாவது உங்களால. மூணாவது ஆச்சுன்னா நேரா இங்க வந்துடுவேன். நீங்கதான் வேல குடுக்கணும். கேட்டுக்குப் பெயிண்டு அடிக்கிறேன்."

"எனக்குப் பெயிண்டு அடிக்க ஆளு இருக்குதும்மா."

"அவனுக்கு டோக்கன் இருக்குதா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். உள்ளே என் மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது.

அப்புறம் நாலு நாள் அரைமணி நேரம் முன்னாலேயே எழுந்து மண்மேட்டைச் சுற்றி ஓடினாள். நாலாவது நாள் நாய் துரத்தி, நகர ஆரம்பித்த ரயிலில் தொங்கிக்கொண்டு ஏறினாள் என்று ஸ்டேஷன் டீக்கடையில் சொன்னார்கள். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். தப்பு செய்தால் ஒத்துக்கொள்கிற ஆள்தான் நான். நாலு பேருக்கு முன்னால் ஒத்துக்கொள்வதுதான் ஆகாது.

செக்ரட்டரியிடம் போய், முதல் ரயில் நேரத்துக்கு மட்டும் திறந்தால் என்ன என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

"ஒருத்தருக்குத் திறந்தா ஊருக்கே திறக்கணும் மேஸ்திரி. வேணும்னா கூட்டத்துல நீங்களே சொல்லுங்க." மினிட்ஸ் புத்தகத்தைப் புரட்டி, மீசை எழுதியிருந்த பக்கத்தை எனக்குக் காட்டினார்.

வீட்டில் வந்து சொன்னேன்.

"எடுத்துடு யா அந்த மீசய. மூஞ்சிக்கு வெளிச்சமாவது வரும்" என்றாள் மனைவி.

மீசையை எடுக்காமலும் ரூலை மீறாமலும் கேட்டைத் திறக்க வழி உண்டா? படித்தவனாக இருந்தால் மனு எழுதியிருப்பான். நான் சுரங்கத்தில் இறங்கினவன். மறுநாள் சாயங்காலம் அவள் வந்தபோது என் ஒன்றாம் நம்பர் டோக்கனை அவள் கையில் வைத்தேன்.

"இத டிபன் பைல போட்டுக்க. யாருக்கும் காட்டாத. திருப்பியும் குடுக்காத."

"இத வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

"ஒண்ணும் பண்ணாத. அதுதான் வேல."

"மேஸ்திரிக்கு உடம்பு நல்லாத்தானே இருக்குது?" என்று கேட்டபடி அவள் அதைப் பையில் போட்டுக்கொண்டாள்.

ஒன்பது மணிக்கு டோக்கன் ஆபீஸ்காரர் பலகையை எண்ணினார். ஓர் ஆணி காலி. சாவியை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். செக்ரட்டரி லுங்கியோடு வந்தார். நானும் ஒன்றும் தெரியாதவன்போல் வந்தேன்.

"ஏன் இன்னும் பூட்டல?"

"ஒண்ணாம் நம்பர் வரல சார்."

"ஒண்ணாம் நம்பர் இவர்தானே? இதோ நிக்கிறாரே!"

"நிக்கிறாரு சார். டோக்கன் வரலயே."

"தொலைஞ்சு போச்சுபா" என்றேன். "வீட்ல இல்ல, பட்டறைல இல்ல, ஜேப்புல இல்ல." மூன்றும் சத்தியமான உண்மை.

"ஆள் முக்கியமா, தகடு முக்கியமா?" என்றார் செக்ரட்டரி.

"டோக்கன் வந்தாத்தான் சார் ஆளு வந்தான்னு கணக்கு. கூட்டத்துல வந்து நிக்கிறவன நம்பிப் பூட்டச் சொல்றீங்களா?"

இதற்குள் பழைய ஆட்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். எல்லோரும் காலி ஆணியைத்தான் பார்த்தார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை. நான் இங்கே நிற்பது அவர்கள் கண்ணுக்குத் தெரியும், மனதுக்குத் தெரியாது. அந்த ஆணிக்கு முன்னால் ஒருவர் செருப்பைக்கூடக் கழற்றிவிட்டார்.

"சரி, அதே நம்பர்ல இன்னொண்ணு அடிச்சு மாட்டிடலாம். அவர் பட்டறைதானே" என்றார் செக்ரட்டரி.

டோக்கன் ஆபீஸ்காரர் மெதுவாக எழுந்தார்.

"அதே நம்பர்ல ரெண்டாவது டோக்கன் குடுத்தா மொத ஆளு செத்துட்டான்னு அர்த்தம் சார். நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றீங்களா?"

செக்ரட்டரியின் கை பேனாவை எடுத்து, மறுபடி பையில் வைத்தது.

"எழுதிக் குடுங்க சார்" என்றாள் பின்னாலிருந்து என் மனைவி. "எனக்கும் வீட்ல கொஞ்சம் அமைதியா இருக்கும்."

அன்று இரண்டு கேட்டையும் பூட்டவில்லை. டோக்கன் கிடைக்கும்வரை பூட்டுவதில்லை, அதுவரை ராத்திரிக்கு முறை போட்டு இரண்டிரண்டு பேர் உட்கார்ந்து காவல் பார்ப்பது என்று முடிவாயிற்று. பழைய ஆட்கள் ஃபர்ஸ்ட் ஷிப்ட், செகண்ட் ஷிப்ட் என்று சந்தோஷமாகப் பேர் கொடுத்தார்கள். செக்ரட்டரி தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றிலும் 'காணவில்லை' என்று எழுதி ஒட்டினார். ஒரு வாரம் சாக்கடையில் குச்சி விட்டுத் தேடினார்கள். நான்தான் எல்லோரையும்விட அதிகமாகத் தேடினேன். யாரும் நினைக்காத இடங்களையெல்லாம் காட்டிக்கொடுத்தேன். ஒரு கிழவர் வீட்டுக் கோழிக்கூண்டைக்கூடப் பிரித்துப் பார்த்தோம்.

விடிகாலையில் அவள் தெரு நடுவே ராணி மாதிரி நடந்து போனாள். முதல் நாள் அவள் மட்டும். ரெண்டாம் நாள் அவள் கூடத் தைக்கிறவர்கள் மூன்று பேர். பத்து நாளில் மேல் லைன் வீடுகளின் முதல் ரயில் கூட்டம் முழுக்க எங்கள் தெருவில்தான். ஒருத்திக்கு வழி விட்டேன், ஒரு ரயிலுக்கே வழி விட்டவனாகிவிட்டேன். செய்தால் பெரிதாகத்தான் செய்வேன்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் கீழ் கேட்டின் கீலுக்கு எண்ணெய் போடுகிறேன் என்று விடியுமுன்னே போய் நின்றேன். அங்கே காவல் முறை டோக்கன் ஆபீஸ்காரருடையது, அவருடைய ஜோடி மேல் கேட்டில். கிழவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவள் வேகமாக வந்தாள். பையிலிருந்து சீசன் டிக்கெட்டை இழுத்தாள். கூடவே தகடு ஒன்று துள்ளி விழுந்து, தார் ரோட்டில் உருண்டு, கிழவரின் காலடியில் போய்ப் படுத்தது.

நான் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். அவள் ஓடவும் இல்லை, குனியவும் இல்லை. அந்த டோக்கன் பலகைக்குப் போனால் அன்று ராத்திரியே பூட்டு. நாளைக்கு மறுபடி மண்மேடு, நாய், மூன்றாவது லேட்டு. தூரத்தில் மாரிக்குப்பம் பக்கம் ரயில் ஊதியது.

கிழவர் எடுத்தார். விளக்கு வெளிச்சத்தில் திருப்பினார். ஒன்று.

"வேலைக்குப் போறியாம்மா, வேல முடிஞ்சு வர்றியா?"

"போறேன்... இப்பத்தான் போறேன்."

"அப்ப உன் கைலதான் இருக்கணும். எறங்கற ஆளுகிட்ட டோக்கனப் புடுங்கி நான் எந்தக் காலத்துலயும் மாட்டுனதில்ல." அவள் கையில் திருப்பி வைத்தார். "வேல முடிஞ்சு வந்து நீயே மாட்டு."

"சாயந்தரமா?"

"சாயந்தரம் ஷிப்ட்டுதான் முடியும். நான் வேலயச் சொல்றேன். உனக்கு வயசு இன்னா?"

"முப்பத்தி நாலு."

கிழவர் விரல் விட்டு எண்ணினார். "அம்பத்தெட்டுல ரிட்டைர்டு. இன்னும் இருபத்தி நாலு வருசம். அதுவரைக்கும் ஒரு ஆணி காலிதான், பூட்ட முடியாது. போ போ, ட்ரெய்னு வந்துடுச்சு."

அவள் ஓடினாள். ஓடும்போது சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது. பின்னாலேயே முதல் ரயில் கூட்டம் எங்கள் இருவரையும் இடித்துக்கொண்டு போயிற்று.

கிழவர் என் பக்கம் திரும்பவேயில்லை.

"எண்ணெ போட்டது போதும்பா" என்றார். "வீட்டுக்குப் போய்ப் படு. உனக்குப் பதிலா ஆளு வேலைக்குப் போயிருக்குது."