மஞ்சள் முள்

கடலைப் பார்த்த வாசலுள்ள வீட்டில் நான் வாழ்ந்தது கொஞ்ச காலம்தான். இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷங்கள். அறந்தாங்கிக்குக் கிழக்கே தென்னையும் முந்திரியும் முடிந்து, மண் வெளுத்து உப்புப் பூக்கிற இடத்தில் ஒரு சின்னத் துறை இருந்தது. அங்கே சுங்கச் சாவடியில் அப்பா குமாஸ்தா. சாவடியின் முன்கட்டு ஆபீஸ், பின்கட்டு எங்கள் வீடு. இரண்டுக்கும் வாசல் ஒன்றுதான். அது கிழக்கே கடலைப் பார்த்துத் திறக்கும்.

நாங்கள் அரிமளத்துப் பக்கத்துச் செம்மண்காரர்கள். எங்களுக்குத் தண்ணீர் என்றால் கண்மாய். அதற்குக் கரை உண்டு, மடை உண்டு; திறந்தால் போகும், அடைத்தால் நிற்கும். அடைக்க முடியாத தண்ணீரை அப்பா அந்த ஊரில்தான் முதன்முதலாகப் பார்த்தார். பார்த்த நாளிலிருந்து அவருக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை. அவருடைய நம்பிக்கை முழுவதும் ஆபீஸ் சுவரில் தொங்கிய பாரமானியின் மேல் இருந்தது. சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டமான பித்தளைப் பெட்டி, முகத்தில் கண்ணாடி. சாவடிச் சேவகர் அதைக் காத்துப்பொட்டி என்பார். உள்ளே பாம்பை அடைத்து வைத்திருக்கிறார்களா, அப்பா ஏன் அதை அப்படி முறைக்கிறார் என்று என்னிடம் கேட்பார்.

அதில் இரண்டு முட்கள். கறுப்பு முள்ளைக் காற்று நகர்த்தும். மஞ்சள் முள்ளை மனிதன் நகர்த்த வேண்டும். கண்ணாடியின் நடுவில் அதற்கென்று ஒரு திருகு. தினமும் காலையில் அப்பா விரல் முட்டியால் கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டுவார். உறங்கிக்கொண்டிருந்த கறுப்பு முள் சிலிர்த்துத் தன் இடத்துக்கு வரும். பிறகு திருகைத் திருப்பி மஞ்சள் முள்ளைக் கறுப்பின் மேல் கொண்டுபோய் நிறுத்துவார். மறுநாள் இரண்டும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று பார்த்தால் காற்றின் கனம் ஏறியதா இறங்கியதா என்று தெரிந்துவிடும்; இறங்கினால் புயலோ மழையோ வருகிறது என்று அர்த்தம். சாமி கும்பிடாத நாள் உண்டு, முள்ளைச் சேர்க்காத நாள் கிடையாது.

அந்தக் கார்த்திகையில் அம்மா பிரசவத்துக்காக ஊருக்குப் போயிருந்தாள். என்னையும் இரண்டு வயதுத் தம்பியையும் பார்த்துக்கொள்ள அத்தை வந்திருந்தாள். அத்தை அப்பாவின் தங்கை. அதே துறையில் தோணிக்காரருக்குத்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மாமா ஆடுகளை ஏற்றிக்கொண்டு இலங்கைப் பக்கம் போவார், பனஞ்சட்டங்களை ஏற்றிக்கொண்டு திரும்புவார். அந்தத் தடவை எங்கள் வீட்டில் சாப்பிட்டு, எங்கள் வாசலில் இறங்கித்தான் கடலுக்குப் போனார்.

வினை அங்கேதான் பிடித்தது. கடலுக்குப் போனவர் எந்த வாசலில் இறங்கிப் போனாரோ அந்த வாசல், அவர் திரும்பி வந்து ஏறும்வரை சாத்தப்படக் கூடாது என்பது அத்தை புகுந்த குடும்பத்து வழக்கம். சாத்தினால் போனவருக்கு வழி அடைபடும். அத்தை அம்மிக் குழவியைக் கொண்டுவந்து இரட்டைக் கதவில் ஒன்றுக்கு அண்டை கொடுத்து வைத்துவிட்டாள். சர்க்கார் கட்டடத்தின் கதவு இரவும் பகலும் பப்பரக்கா என்று திறந்து கிடந்தது. நாய் வந்து அப்பாவின் மேஜைக்கடியில் படுத்தது. நண்டுகள் வந்து அடுப்படிவரை விசாரித்துவிட்டுப் போயின. ஒருநாள் ஆடு ஒன்று சுங்கமே கட்டாமல் உள்ளே வந்து வெளியே போனதாக அப்பா சேவகரிடம் வருத்தப்பட்டார். ஆனால் குழவியை அவர் தொடவில்லை.

தோணி வரவேண்டிய நாட்களில் தந்தி வந்தது. கிழக்கே, இலங்கைக்கு அப்பால், கடலில் காற்று கூடியிருக்கிறது என்றது முதல் தந்தி. அப்பா ஆபீஸ் தரையில் சுண்ணக்கட்டியால் கடலை வரைந்தார். ஒரு பக்கம் இலங்கை, ஒரு பக்கம் நாங்கள். காற்று இருக்கிற இடத்தில் ஒரு புளியங்கொட்டையை வைத்தார். அடுத்த தந்தி வந்தபோது கொட்டையை எங்கள் பக்கம் நகர்த்தினார். சுண்ணாம்புக் கடலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அத்தை சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள், நனைந்துவிடும்போல.

அன்று அப்பா எனக்கு விளக்கிச் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. பாரமானிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய அச்சடித்த அட்டையைப் படித்துத் தமிழில் சொன்னார். "நடுவுல கண்ணு மாதிரி ஒரு எடமிருக்குமாம். அது நம்ம தலைக்கு மேல வந்தா காத்து சுத்தமா நின்னு போயிருமாம். முடிஞ்சு போச்சுன்னு நெனைக்கப்படாது. அது தாண்டுனதும் எதிர்ப்பக்கத்துலேருந்து அடிக்கும், மொதல்ல அடிச்சத விட."

அத்தை அடுக்களை நிலையருகே அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகின் சத்தம் ஒரு தரம் நின்றது. பிறகு தொடங்கியது.

மறுநாள் விடியும்போது வானம் செம்பு நிறமாக இருந்தது. அதற்குப் பிறகு தந்தி வரவில்லை. கம்பி எங்கேயோ அறுந்திருக்க வேண்டும். அப்பா தட்டினார். கறுப்பு முள் நேற்று வைத்த மஞ்சளை விட்டு விழுந்து நகர்ந்தது. கடைசித் தந்தி சொன்ன காற்று சாதாரணக் காற்று. முள் சொன்னது வேறு. ஓர் இரவுக்குள் அந்தக் காற்று கடலின் சூட்டைக் குடித்துப் பெருத்துவிட்டிருந்தது. அப்பா உத்தரவுக்குக் காத்திராமல் கொடிமரத்தில் புயல் கூண்டை ஏற்றினார். குப்பத்து ஜனங்கள் கூண்டைப் பார்த்ததும் பேசிக்கொண்டிருக்கவில்லை. சட்டி பானை, கோழி, கிழடு கட்டை என்று வாரிக்கொண்டு மேற்கே மேட்டு நிலத்து ஊருக்கு நடந்தார்கள். சேவகர் எங்களுக்காக மாட்டுவண்டி கொண்டுவந்தார். ஆபீசை விட்டு அப்பா நகர முடியாது. அத்தை பிள்ளைகளோடு போக வேண்டும் என்பது ஏற்பாடு.

அத்தை வாசற்படியிலிருந்து எழவில்லை. தோணி எந்த நேரமும் வரலாம், வருகிறவர் ஆளில்லாத வாசலில் ஏறுவதா என்றாள். சரி, பிள்ளைகளாவது போகட்டும் என்றார் அப்பா. அவளை விட்டு இறங்குவேனா என்று தம்பி அலறினான். அவன் போகாத வண்டியில் நானும் ஏறவில்லை. முதலில் குப்பத்துக் கிழவிகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறேன், அதற்குள் பேசி முடியுங்கள் என்று சேவகர் போனார். அவர் திரும்புவதற்குள் உப்பளத்துப் பாதை தண்ணீருக்குள் போய்விட்டது.

ஆக, நாலு பேர் மிஞ்சினோம்.

காற்று வாடையாக, வடக்கிலிருந்து வந்தது. முதலில் ஊளை, பிறகு ஒரே இரைச்சல், பிறகு இரைச்சல் என்றுகூடத் தோன்றாத ஒன்று, பல்லுக்குள் அதிர்ந்தது. வடக்கே ஜன்னலில்லாத கனத்த சுவர் எங்களைக் காத்தது. திறந்த வாசல் கிழக்கே பார்த்ததால் காற்று அதை உரசிக்கொண்டு போனதே தவிர உள்ளே நுழையவில்லை. கடல் பின்வாங்கி, ஒருபோதும் பார்த்திராத சேறு பளபளத்தது. அப்பா வந்து தட்டுவார், முள் இறங்கும். போவார், மறுபடி வந்து தட்டுவார், மறுபடி இறங்கும்.

"அதத் தட்டாதீங்கண்ணே," என்றாள் அத்தை. "நீங்க தட்டத் தட்டத்தான் அது எறங்குது."

அப்பா அவளைப் பார்த்தார். அவள் முகத்தில் என்ன கண்டாரோ. திரும்பி நின்று, முதுகால் பாரமானியை மறைத்துக்கொண்டு, திருகைத் திருப்பினார். பிறகு விலகி நின்று மஞ்சள் முள்ளைக் காட்டினார். அது மேலே ஏறியிருந்தது.

"பாத்தியாத்தா, ஏறிருச்சு. வடக்காம ஒதுங்கிப் போவுது. மாப்புள இந்நேரம் அங்கிட்டே, எலங்கைக் கரையில பாய எறக்கிப் போட்டுட்டு வெத்தல போட்டுக்கிட்டு உக்காந்திருப்பாரு."

"அப்புடிங்களாண்ணே," என்றாள் அத்தை. கொஞ்சம் கஞ்சி குடித்தாள். அன்று அவள் வாயில் வைத்த முதல் ஆகாரம் அது. அதைப் பார்த்த அப்பா அதன்பிறகு ஒவ்வொரு தரமும் மஞ்சளை இன்னும் கொஞ்சம் ஏற்றினார். கறுப்பு முள் கீழே, மஞ்சள் முள் மேலே. எனக்கு எது எது என்று தெரியும். ஆனால் பெரியவர்கள் செய்தால் காரணம் இருக்கும் என்று நம்புகிற வயது. அத்தைக்குப் படிப்பில்லை, அந்தப் பெட்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அப்பா நினைத்தார். தினமும் காலையில் சாம்பலும் துணியுமாக அதன் பித்தளையைத் துலக்குகிறவள் அவள்தான் என்பதை அவர் எப்படி மறந்தார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இதற்கிடையில் தம்பி தத்தித் தத்திப் போய்ப் புளியங்கொட்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். அப்பா பதறி வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினார். கொட்டை உள்ளே போயிருந்தது. புயலை முழுங்கிவிட்டான் என்றேன் நான்.

"முழுங்கட்டும்," என்றாள் அத்தை. "அவனாவது முழுங்கட்டும்." அன்று அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அந்தி சாயும் நேரத்தில் காற்று நின்றது. குறைந்து குறைந்து நிற்கவில்லை. பாட்டுக்காரனின் வாயைப் பொத்தினாற்போல நின்றது. காதுக்குள் ரத்தம் ஓடுகிற ஓசை கேட்டது. மேலே வட்டமாக வானம் வெளிறியது. நாய் எழுந்து வாசல்வரை போய், வெளியே காலை வைக்காமல் திரும்பியது. எங்கிருந்தோ அடித்து வரப்பட்ட பறவைகள் கொடிமரத்தடியில் மூச்சுவாங்கிக்கொண்டு கிடந்தன.

அத்தை லாந்தரை ஏற்றினாள். தலைமுடியை அள்ளி முடிந்தாள். "முள்ளுந்தான் ஏறிருச்சு, காத்தும் நின்னுருச்சு. கரையில வெளிச்சம் காட்டுனா தோணிக்குத் தெரியும். போயி நிக்கிறேண்ணே."

அப்பா வாயைத் திறந்தார். இப்போது வரப்போகும் காற்று கடல் பக்கமிருந்து வரும். திறந்த வாசலுக்குள் நேரே நுழைந்து கூரையை உள்ளிருந்தே பெயர்த்தெறியும். அவளுக்கு முன்னால் கடல் இருக்கும், பின்னால் நாங்கள் இருப்போம். அதைச் சொல்ல வேண்டுமானால் மஞ்சள் முள்ளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மஞ்சள் முள்ளைப் பற்றிச் சொன்னால் இலங்கைக் கரையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும் மாப்பிள்ளையைத் திரும்பக் கடலுக்குள் தள்ள வேண்டும். அப்பா குழவியைப் பார்த்தார். பாரமானியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவருடைய தாடை மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அப்படி ஓர் ஆண்பிள்ளை நிற்பதை அதன்பிறகு நான் பார்த்ததில்லை.

அத்தையும் அவரைப் பார்த்தாள். லாந்தரைத் தூக்கிப் பாரமானியின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். அப்பா தன் முட்டியால் தட்டுவதுபோலவே தன் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினாள். எதைப் பார்த்தாளோ, பார்த்தாள். வாசலுக்கு வந்து நின்று, வெளுத்துக் கிடந்த சேற்றையும் அதற்கப்பால் இருந்ததையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு குனிந்து, காலால் தள்ளாமல், இரண்டு கையாலும் குழவியை எடுத்து ஓரமாக வைத்தாள். கதவை இழுத்துச் சாத்தினாள். குறுக்குக்கட்டையைப் போட்டாள்.

"குளுருதுண்ணே," என்றாள். "புள்ளைக நடுங்குதுக."

கட்டை விழுந்த சத்தம் அடங்கிக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் தென்கிழக்கிலிருந்து அது வந்தது. கதவு வில்லாக வளைந்தது. அப்பா மேஜையைத் தள்ளி முட்டுக் கொடுத்தார். அத்தை எங்கள் இருவரையும் மடியில் கவிழ்த்து மேலே படுத்துக்கொண்டாள். ஓடுகள் போயின, சட்டங்கள் நின்றன. கதவிடுக்கில் கடல் கணுக்கால்வரை வந்து தரையில் அப்பா வரைந்த கடலை அழித்துவிட்டுத் திரும்பிப் போனது.

விடிந்ததும் அப்பா கதவைத் திறந்துகொண்டு கரைக்குப் போனார். குப்பம் இருந்த இடத்தில் மணல் இருந்தது. எங்கள் வாசலுக்கு நேரே, அலைகள் ஒழுங்காக அடுக்கி வைத்ததுபோல, பனஞ்சட்டங்கள் கிடந்தன. அத்தை வெளியே வரவில்லை. ஈரத்துணியால் பாரமானியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடித்துத் திருகைப் பிடித்து, பழகிய கைபோல, மஞ்சள் முள்ளைக் கொண்டுவந்து கறுப்பு முள்ளின் மேல் நிறுத்தினாள். நான் பார்ப்பதைப் பார்த்தாள். எனக்கு விளையாட்டுக் காட்டுகிறாள் என்று நினைத்து நான் சிரித்தேன்.

குழவி அதன்பிறகு அம்மிக்கே போய்விட்டது. அத்தை கடைசிவரை எங்களோடுதான் இருந்தாள். எந்த வாசலைப் பற்றியும் அவள் பேசியதில்லை. அப்பா மட்டும் வயதான காலத்தில், அவள் காதுக்கு எட்டாத நேரங்களில், அந்த நாளைச் சொல்லுவார். தங்கச்சியை ஏமாற்றிவிட்டேன், ஆனாலும் தெய்வம் கைவிடவில்லை, சரியான நேரத்தில் அவளுக்குக் குளிர் எடுத்தது, இல்லாவிட்டால் நாம் யாரும் இல்லை என்பார். அதை முழுக்க நம்பியபடியே போய்ச் சேர்ந்தார். அத்தை அவரை நம்பவிட்டாள்.

நானும் வெகுகாலம் அதை நம்பினேன். இப்போது அத்தைக்கு அன்றிருந்த வயதை எப்போதோ தாண்டிவிட்டேன். ஒரு மழைக்கால அந்தியில் காற்று அசையாமல், முதுகில் துணி ஒட்டிக்கொண்டிருந்தபோது, அந்தக் கதவு சாத்தப்பட்ட நேரம் அப்படியே என் உடம்புக்குத் திரும்பி வந்தது. அத்தையின் மேலுதட்டில் முத்து முத்தாக வியர்வை. தம்பியின் கழுத்து மடிப்பில் வியர்வை. லாந்தர்க் கண்ணாடிகூட வேர்த்திருந்தது. மூச்சுமுட்டுகிற புழுக்கம்.

அன்று யாருக்கும் குளிரவில்லை.