ஏறாத முள்

முப்பத்தோரு வருடம் சாயப்பட்டறையில் பாய்லர் பார்த்தவர் அவர். பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது, பாய்லர்காரர் என்றால்தான் தெரியும். அழுத்தம் காட்டும் முள் சிவப்புக்கோட்டைத் தொடாதவரை கவலையில்லை என்பது தொழிலில் அவர் கற்ற பாடம். எழுபதாவது வயதில் அதையே தன் உடம்புக்கும் வைத்துப் பார்த்ததுதான் கூத்து.

ஃப்ளூ முதலில் மனைவியைப் பிடித்தது. இரண்டே நாளில் நூற்று மூன்று டிகிரி. அந்தம்மாள் நடுங்கியதில் கட்டிலும் சேர்ந்து ஆடியது. மறுநாள் இவருக்கும் இருமல். தெர்மாமீட்டரை நாக்கடியில் வைத்து எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். தொண்ணூற்றெட்டு.

"பாத்தியா? என்கிட்ட அதால வாலாட்ட முடியல. ஆம்பளை உடம்பு!"

"ஆமா, உங்க மூஞ்சியப் பாத்ததும் கிருமி கும்பிடு போட்டுட்டு ஓடிடுச்சு," என்றாள் மனைவி, போர்வைக்குள்ளிருந்தே.

அவருடைய அப்பா, பெரியப்பா, சித்தப்பா மூவரும் எழுபதை ஒட்டி நெஞ்சுச்சளியில் போய்ச் சேர்ந்தவர்கள். அதே சளி வந்த அத்தைமார் இருவரோ ஒரு வாரம் அனலாய்க் கொதித்துவிட்டு எழுந்து, தொண்ணூறு வரை மருமகள்களை ஆட்டிவைத்தார்கள். அவர்கள் வாய்க்குப் பயந்து எமன் திரும்பிவிட்டான் என்று சொல்லிச் சிரித்தவரே இவர்தான்.

ஐந்தாம் நாள் மனைவி எழுந்து தலை வாரினாள். இவர் நாற்காலியில் சாய்ந்தபடி, துணைக்கு வந்திருந்த கொழுந்தியாளிடம் பழைய வீரக்கதையை எடுத்தார்.

"அன்னிக்கு... நான் மட்டும்... வால்வத் திறக்கலேன்னா..."

சீப்பு நின்றது. "என்னங்க, பெருமை பேசும்போது மூச்சு வாங்குற ஆளா நீங்க?"

"அதான்... காய்ச்சலே இல்லையே."

"மாமா, உதடு நீலமா இருக்கு. சட்டைய மாட்டுங்க," என்றாள் கொழுந்தியாள்.

ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் விரலில் கிளிப் மாட்டி ஆக்ஸிஜன் அளவைப் பார்த்தார். எண்பத்தாறு. உடனே மூக்கில் குழாய் ஏறியது.

"காய்ச்சலே இல்ல டாக்டர்," என்றார் அப்போதும், நன்னடத்தைச் சான்றிதழ் நீட்டுகிறவர்போல.

"அதை நம்பித்தான் ஏமாந்துட்டீங்க ஐயா. கிருமியோட உடம்பு சண்டை போட்டாத்தான் சூடு ஏறும். வயசானா அது பல பேருக்குச் சரியா ஏறாது. பொம்பளைங்க உடம்பு பொதுவா சீக்கிரமா, பலமா எதிர்க்கும். வயசான ஆம்பளைங்களுக்கு எதிர்ப்பு கிளம்பறதுக்குள்ள நுரையீரல் கெட்டுடுது."

பாய்லர்காரர் கண்ணை மூடிக்கொண்டார். தீயே சரியாகப் பற்றாத பாய்லரிலும் முள் கீழேதான் கிடக்கும். இந்தத் தப்பை வேறு எவனாவது செய்திருந்தால் காது கிழியத் திட்டியிருப்பார். தன்னைத் திட்டிக்கொள்ளவோ மூச்சு போதவில்லை.

ஒரு வாரம் இழுபறி. மனைவி வார்டு வாசலைவிட்டு நகரவில்லை. எட்டாம் நாள் குழாயை எடுத்தார்கள். அன்றைக்கே பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு பெரியவர் வந்தார். வந்ததும் நர்ஸிடம், "எனக்குக் காய்ச்சலெல்லாம் கிடையாதும்மா. வீட்ல பயந்துட்டு கூட்டிட்டு வந்துட்டாங்க," என்றார் சிரித்துக்கொண்டே.

பாய்லர்காரர் முழங்கையை ஊன்றி எழுந்தார்.

"சிஸ்டர், முதல்ல அவர் விரல்ல கிளிப்ப மாட்டுங்க. நம்ம கட்சி ஆளு!"