மூன்றாவது கூப்பாடு

மூன்று வாரத்துக்கு முன், ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு, என்னைப் பேய் என்று முடிவு கட்டிவிட்டார்கள். சில மாதமாக இந்தப் பத்தி வராததைப் பார்த்து வாசகர்களாகிய உங்களில் சிலரும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். இல்லை... இருக்கிறேன்.

மாரடைப்பு. மலையகத்தில் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் இருபது வருடம் கத்திக் கத்திப் பாடம் சொன்ன நெஞ்சு, ஒருநாள் மக்கர் செய்துவிட்டது. ஆறு வாரம் ஆஸ்பத்திரிக் கட்டில். சவரம்கூட இன்னொருவர் கையால்தான். வீடு திரும்பிய பிறகு டாக்டர் ஒரு விசித்திரமான மருந்து சொன்னார் — நடை.

என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை. "புண்ணுபட்ட நெஞ்சுங்க. அசையாம இருந்தாத்தானே ஆறும்?" என்றாள்.

நியாயமான கேள்விதானே? ஆனால் டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், விடவில்லை. இதயமும் ஒரு சதைதான், ஆறும் வரை ஓய்வு, ஆறிய பின் வேலை, சும்மா கிடந்தால் அதுவும் சோம்பிப்போகும் என்றார். சமதரையில், மெதுவாக, வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டி நடக்க வேண்டும். மூச்சு வாங்கினால் நின்றுவிட வேண்டும். முதல் வாரம் வாசலிலிருந்து, ஊரே தண்ணீர் பிடிக்கும் பீலி வரை போனேன். அடுத்த வாரம் கோயில் வரை. கால் நடுக்கம் நின்றது. சோறு ருசித்தது. மாடிப்படி ஏறினாற்போன்ற களைப்பு, பேசும்போதே வரும் இரைப்பு எல்லாம் குறைந்தன.

அங்கேதான் வந்தது வினை. உடம்பு தேறினால் புத்தி கெட்டுவிடுகிறதே, ஏன்?

அந்தப் புதன்கிழமை பனிமூட்டம். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கோயிலோடு திரும்ப வேண்டியவன், பள்ளிக்கூடத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாமென்று ஏழாம் நம்பர் தேயிலை மலையின் குறுக்குப் பாதையில் ஏறினேன். செங்குத்தான ஏற்றம். பாதி வழியில் மூச்சு வாங்கியது. நிற்கவில்லை. இன்னும் நாலு எட்டுத்தானே என்று ஏறினேன்.

நெஞ்சுக்குள் யாரோ முழங்காலை வைத்து அழுத்தினார்கள். அப்படியே தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு சரிந்தேன்.

பக்கத்திலேயே கொழுந்து பறிக்கும் பெண்களின் பேச்சு கேட்டது. ஆள்தான் தெரியவில்லை. "யாரும்மா அங்க?" என்று கூப்பிட்டேன்.

பேச்சு சட்டென்று நின்றது.

மறுபடி, "இங்க வாங்கம்மா" என்றேன். பதில் இல்லை. கொழுந்து ஒடிக்கும் சத்தமும் நின்றுவிட்டது. பிறகு ஒரு கிசுகிசுப்பு.

"பதில் குடுக்காத. மூணாவது தடவ கூப்பிட்டாத்தான் மனுசன்."

"மாஸ்டர் கொரலு மாதிரி இருக்குடி."

"அவரு நெஞ்சுவலியில ஆஸ்பத்திரிக்குப் போனவரு. திரும்பி வந்ததை நீ பாத்தியா?"

எங்கள் பக்கத்து வழக்கம் அது. பனிமூட்டத்தில் உருவம் தெரியாமல் யாராவது கூப்பிட்டால் வாய் திறக்கக் கூடாது. பேய்க்கு இரண்டு தடவைதான் கூப்பிட முடியுமாம். இதை மூடநம்பிக்கை என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான். இப்போது எனக்கு வேண்டியதெல்லாம் ஒரே ஒரு கூப்பாடு. வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தேன். அதுவும் வரவில்லை. சாகப் போகிறோம் என்று பயந்தேன். அதைவிட, ஏற்கெனவே செத்துவிட்டோமோ என்ற சந்தேகம்தான் என்னை அதிகமாக நடுங்க வைத்தது.

எவ்வளவு நேரமோ தெரியாது. செடிகளை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து என் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். "காலு இருக்கு. வாங்கடி" என்றாள். அதற்கப்புறம்தான் எல்லோரும் ஓடி வந்தார்கள். கம்பளியில் என்னைக் கிடத்தி ரோட்டுக்குத் தூக்கி வந்து, கொழுந்து லொறியில் ஏற்றினார்கள்.

இனி நடையே வேண்டாம் என்று டாக்டர் சொல்வாரென்று என் மனைவி ஆவலோடு காத்திருந்தாள். அவர் சொன்னது வேறு. "நடந்தது பிழையில்லை, மாஸ்டர். ஏறினதுதான் பிழை." நாலு நாள் ஓய்வு. பிறகு மறுபடி பீலியிலிருந்து ஆரம்பம். மனைவி இப்போது கூடவே வருகிறாள், வாயில் திட்டோடு.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் பாக்கியம் என்னைப் பார்க்க வந்தாள். வேறு தோட்டத்திலிருந்து புதிதாகக் கல்யாணமாகி வந்தவளாம். நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. "மூணாவது தடவ கூப்பிடாமலே வந்தியே, பயமா இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"கூப்பிட்டீங்களே மாஸ்டர். கணீர்னு, 'பாக்கியம்'னு எம் பேரச் சொல்லி. எல்லாருக்குந்தான் கேட்டுச்சு."

என் மனைவி கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். அவள் பெயரே எனக்கு அப்போதுதான் தெரியும்.

இப்போதெல்லாம், மூன்று தடவை கூப்பிட மூச்சு மிச்சமிருக்கும் தூரம்தான் நடக்கிறேன். எனக்காக மூன்றாவதைக் கூப்பிட்டது யாரோ, அவருக்கு இன்னொரு முறை சிரமம் கொடுக்க விருப்பமில்லை.