அத்தாவின் வேனுக்கு வந்த டிசைனர்

எங்கள் பழைய வேனுக்குள் எழுபதுகளில் என்னைப் பெற்ற அத்தா செய்துவைத்த தேக்குப் படுக்கை, அடுப்பு மேடை, நம்ம விருத்தாசலம் பீங்கான் பேசின் எல்லாம் இன்னும் அப்படியே இருக்கின்றன. குடும்பத்தோடு நாகூர் போய்வருவதற்காகச் செய்தது.

அதை அப்படியே விடுவதா, பிரித்துப் புதிதாகச் செய்வதா என்று கேட்க இன்று புதுச்சேரியிலிருந்து ஒரு டிசைனரை வரவழைத்தேன். அறிவாளி நான்.

உள்ளே ஏறியதுமே முகம் சுளித்தார்.

"எல்லாத்தையும் பிரிச்சிப் போட்டுடணும் சார். பழைய லுக்குல புதுசா பண்ணித்தரேன்."

"பழசத் தூக்கிட்டு பழசு மாதிரியே பண்ணுவீங்களா தம்பி?"

"அதான் சார் இப்ப டிரெண்டு."

போனில் மாதிரி காட்டினார். பேசின் பிளாஸ்டிக்காம். தேக்கு, ஸ்டிக்கராம்.

டீ கொண்டுவந்த என் மனைவி சொன்னாள்: "இதச் செஞ்ச எங்க மாமா இருந்திருந்தா அந்த ஸ்டிக்கர உங்க மேல ஒட்டி அனுப்பியிருப்பாங்க."

"யோசிச்சிச் சொல்லுங்க சார்" என்று சொல்லிவிட்டு, ஒரு மூலை விடாமல் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

சாயங்காலம் அவருடைய இணையப் பக்கத்தில் ஒரு பதிவு. முதல் படத்தில் கோழி அடைகிற ஏதோ ஒரு துருப்பிடித்த வேன். அடுத்த படத்தில் அத்தாவின் பேசின், அத்தாவின் படுக்கை. மேலே, "எங்கள் புதிய வேலை."

ஓர் ஆணியைக்கூடக் கழற்றாமல் வேலையை முடித்திருக்கிறாரே, லைக் போட்டேன்.

கீழே யாரோ, "செம ரசனை! யாரு செஞ்சது?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"நான்தான்" என்று பதில் போட்டிருக்கிறார்.

இனி அவரை நான் தம்பி என்று கூப்பிடுவதா, அத்தா என்று கூப்பிடுவதா? நீங்களே சொல்லுங்கள்.