இருபது மூட்டைப் புளிக்கு ரஹமத் பீவி கொடுத்த வாக்கு

எழுபதுகளில் பாப்பாரப்பட்டிப் பக்கம் புளி வியாபாரம் என்றால் ரஹமத் பீவி பெயரைச் சொல்லாமல் யாரும் பேச மாட்டார்கள். அதற்கு முன்னால் அந்த வியாபாரம் அவள் கணவர் அப்துல் கனியின் பெயரில் நடந்தது. மனிதருக்கு ஊரெல்லாம் பழக்கம். பேச்சுத்தான் குறைவு.

நஞ்சப்பன் என்கிற விவசாயியின் வரப்பில் நின்ற புளியமரங்களை அவர் குத்தகைக்கு எடுத்த விதமே தனி. கார்த்திகையில் காய் பிடித்ததும் ஒரு கவுளி வெற்றிலையும் பாக்கும் நஞ்சப்பன் வீட்டுக்குப் போகும். அது திரும்பி வராவிட்டால் மரம் கனி பாய்க்கு. போன வருஷத்து விலையே இந்த வருஷத்து விலை. வாயைத் திறக்க இரண்டு பேருக்குமே சோம்பல் என்று ஊரில் கேலி செய்வார்கள்.

அறுபத்தெட்டு ஆவணியில் கனி பாய் திடீரென்று இறந்துபோனார். சொந்தக்காரர்கள் கூடி, "யாவாரத்தை மூடிட்டு அண்ணன் வூட்டோட போய் இரும்மா" என்று ரஹமத் பீவிக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். கொட்டை எடுத்தது, ஈரம் பார்த்தது, கூலி ஆட்களை மேய்த்தது எல்லாம் இத்தனை வருஷமும் அவள்தான். அண்ணன் வீட்டில் சோறு கிடைக்கும். ஆனால் எதற்கும் சரி என்றோ முடியாது என்றோ சொல்ல அங்கே அவளுக்கு இடமிருக்காது. வியாபாரத்தை மூடுவதில்லை என்று முடிவு செய்தாள்.

கணவனை இழந்தவள் நாலு மாசத்துக்கு மேல் வீட்டுக்குள் இத்தா இருக்க வேண்டும். அதனால் கூலிக்கு வரும் பாஞ்சாலியிடம் கார்த்திகையில் வெற்றிலையைக் கொடுத்தனுப்பினாள். நஞ்சப்பன் மனைவி காசியம்மாள் அதை வாங்கி வைத்துக்கொண்டாள். வெற்றிலை திரும்பவில்லை. மரம் நம்முடையதுதான் என்று ரஹமத் பீவி நிம்மதியாக இருந்துவிட்டாள்.

தையில் இத்தா முடிந்ததும் தருமபுரிக்கு பஸ் ஏறினாள். அங்கே மண்டி வைத்திருந்த தஸ்தகீர், கனி பாயின் பழைய கூட்டாளி. மாசி முடிவதற்குள் இருபது மூட்டை தருவதாகச் சொல்லி, விலையையும் சொன்னாள். பாவம் என்று நினைத்தாரோ என்னவோ, பேரமே பேசாமல் "சரிம்மா" என்று அச்சாரம் கொடுத்து அனுப்பினார்.

மாசியில் ஆட்களோடு வரப்புக்குப் போனால், மரத்தின் மேல் பொம்மிடி வியாபாரி சவுரியப்பனின் ஆட்கள் கிளையை உலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"என்னங்கண்ணே இது, நான் வெத்தலை அனுப்புனேனுங்களே?" என்றாள் நஞ்சப்பனிடம்.

அவர் உண்மையிலேயே திகைத்துப்போனார். "துக்க வூட்டு வெத்தலை, வேண்டாம்னா தப்பாயிடும்னு வாங்கி வெச்சோம் பாயம்மா. பாயே போயிட்டாரு. நீங்க யாவாரம் பண்ணுவீங்கன்னு யாருங்க கண்டது?"

பொய் சொல்லும் மனிதர் இல்லை அவர். அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

தருமபுரியில் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஒருத்தர் கேக்கணும். இன்னொருத்தர் அதை அப்படியே ஒத்துக்கணும். ஒத்துக்கிட்டது கேட்டவங்களுக்குத் தெரியணும். சும்மா இருந்ததைச் சரின்னு எடுத்துக்க முடியாதும்மா."

"எங்க வூட்டுக்காரர் காலத்துல செல்லுபடி ஆச்சேங்க?"

"அது அவங்க ரெண்டு பேரும் பழகிக்கிட்டது. நீங்க புது ஆளு."

"அப்ப மண்டியில நான் சொன்னது? அதுக்கும் எழுத்து ஒண்ணும் இல்லீங்களே?"

"இதுக்கு எழுத்தே வேண்டாம். சரக்கைச் சொன்னீங்க, விலையைச் சொன்னீங்க, அவரு ஒத்துக்கிட்டு அச்சாரமும் கொடுத்துட்டாரு. அது முழு ஒப்பந்தம். நீங்க கொடுத்துத்தான் ஆகணும்."

தன்னுடையது என்று நம்பியது ஒன்றுமில்லாமல் போய், இரக்கத்தில் கிடைத்தது என்று நினைத்தது கழுத்தைப் பிடித்துக்கொண்டது. அங்கிருந்து நேரே மண்டிக்குப் போய் நடந்ததைச் சொன்னாள்.

தஸ்தகீர் பெரிய மனசோடு கையை அசைத்தார். "அட விடும்மா. பொம்பளைகிட்டப் போய் நான் சரக்கு எங்கேன்னு நிப்பேனா? அச்சாரத்தை நீயே வெச்சுக்க. மறந்துடலாம்."

ரஹமத் பீவிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இப்போது தலையாட்டினால், தையில் அவள் சொன்னது வெறும் புலம்பல் என்றாகிவிடும். அப்புறம் நஞ்சப்பன் நினைத்ததுதான் சரி.

"இதே எங்க வூட்டுக்காரர் இருந்தா மறந்திருப்பீங்களா பாய்?"

"அவனையா? சட்டையைப் பிடிச்சிருப்பேன்."

"அப்ப எனக்கும் மறக்காதீங்க. இருபது மூட்டை வரும்."

கை வளையல்களை விற்றாள். தான் எடுத்திருக்க வேண்டிய அதே மரத்துப் புளியைச் சவுரியப்பனிடம் கூடுதல் விலைக்கு வாங்கினாள். மாசி முடிவதற்குள் மண்டி வாசலில் மூட்டை இறங்கியது.

தஸ்தகீர் ஒரு மூட்டையைப் பிரித்துக் கைவிட்டுப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "ஈரம் இருக்கு. மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிச்சுக்குவேன்."

"மழையே காணாத மாசியில ஈரம் எங்கிருந்துங்க வரும்? யாருகிட்ட கதை விடறீங்க?"

"கதையா? இருபது வருஷமா புளி பார்க்கறேன் நான்."

"அதை ஆஞ்சு கொடுத்ததே நானுங்க!"

தராசுக்காரன் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கும் அளவுக்குச் சண்டை வலுத்தது. கடைசியில் மூட்டைக்கு ஒரு கிலோ என்று முடிந்தது. ஏற்கெனவே இருந்த நஷ்டம் இன்னும் ஏறியது. ஆனாலும் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் ரஹமத் பீவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மற்ற வியாபாரிகளைப் போலவே தஸ்தகீர் தன்னையும் ஏமாற்றப் பார்த்தார் என்று கூட வந்த பாஞ்சாலியிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே நடந்தாள்.